மண்டி போட்ட பஸ்

வரதராஜன் சார், நீங்கள் சொன்னது பொய்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பத்திரிகையில் உங்கள் பேட்டி வந்தது. வளைகுடாவில் ஒரு பஸ் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய தமிழர் என்று பெரிய படம் போட்டிருந்தார்கள். அதில் சுடலைமுத்து என்ற பழைய டிரைவரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்லியிருக்கிறீர்கள். புது பஸ் தானாகக் கீழே இறங்கியதைப் பார்த்துப் பேய் என்று அலறிக்கொண்டு ஓடினாராம். அந்தப் பயத்தில் வேலையே வேண்டாம் என்று ஊருக்குப் போய்விட்டாராம்.

அவர் அலறவில்லை. ஓடவில்லை. வேலையை விடவும் இல்லை.

ஓடியவன் நான். என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள், எனக்குக் கவலை இல்லை. நான் ரிட்டயர் ஆகி வீட்டில் கோழி வளர்க்கிறேன்.

சுடலை அண்ணாச்சி அப்படி இல்லை. வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறார். அறுபதைத் தாண்டியும் அந்த ஸ்டியரிங்தான் அவருக்குச் சோறு, பேச்சு, மரியாதை எல்லாம். உங்கள் பேட்டியைப் படித்துவிட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டிருக்கிறார்கள், பயந்து ஓடி வந்த டிரைவர் கையிலா எங்கள் பிள்ளைகளைக் கொடுத்தீர்கள் என்று. லீவு முடிவதற்குள் வேறு ஆள் பார்க்கப்போவதாகத் தாளாளர் சொல்லிவிட்டார்.

என் தொடரில் இந்த வாரம் ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போன கதையை எழுதி வைத்திருந்தேன். அது கிடக்கட்டும்.

காற்று இறங்கிய சத்தம்

இந்தத் தொடரை இப்போதுதான் எடுத்துப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அமீரகத்தில் ஒரு சின்ன எமிரேட்டில் நான் பலதியா பஸ் ஓட்டினேன். பலதியா என்றால் நம் ஊர் நகராட்சி மாதிரி. எமிரேட்டின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. என் மச்சினன் அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பலதியா தன் பஸ் சர்வீஸை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. கம்பெனி புது பஸ்கள் இறக்கியிருந்தது. அதைக் காட்டத்தான் எங்கள் எல்லாரையும் ஒரு காலையில் யார்டில் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

அந்த யார்டு இன்னும் என் மூக்கில் இருக்கிறது. டீசல், சூடான தார், பக்கத்தில் பாகிஸ்தான் பட்டாணிக்காரரின் ரொட்டிக்கடை. புது பஸ்ஸுக்குள் தலையை விட்டால் வேறு உலகம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டின் வாசனை. கண்ணாடியில் ஒரு விரல் ரேகை கிடையாது. கியர்க் கம்பியைத் தேடினால் அதுவும் கிடையாது. ஒரு பட்டன் வரிசை மட்டும்தான்.

பயிற்சி கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒரு பட்டனை அமுக்கினார். புஸ் என்று காற்று இறங்கியது. பஸ் வலது பக்கமாகச் சரிந்து தாழ்ந்தது.

நான் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று வண்டி ஓட்டியவனுக்குத் தெரியும். ஏர் பிரேக் வண்டியில் காற்று இறங்கும் சத்தம் கேட்டால் பிரேக் போச்சு என்று அர்த்தம். மூளை யோசிக்கும் முன்னால் கால் யோசித்துவிடும். தென்காசி ரூட்டில் லாரி ஓட்டியபோது அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். அன்று யார்டில் பாதிப் பேர் பின்னால் போனோம். வரதராஜன் சார், கம்பெனி அதிகாரியாக வந்து நின்ற நீங்களும் இரண்டு எட்டு போனீர்கள். டை கட்டியிருந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

நகராமல் நின்றது சுடலை அண்ணாச்சி ஒருவர்தான். பஸ்ஸின் விலாவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். பிரசவிக்கும் பசுவின் வயிற்றில் கை வைப்பதுபோல.

"எங்கவே ஓடுத? திரும்பி வந்து பாரும். ஒட்டகம் மாதிரி மண்டி போடுது" என்றார் என்னைப் பார்த்து.

ஏறுகிறவர்களுக்குப் படி உயரமாக இருக்கக்கூடாது என்று சக்கரத்தின் மேலிருக்கும் காற்றுப் பையைச் சுருக்கி வண்டி தாழ்கிறது. வயசானவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைத் தள்ளுவண்டிக்காரர்கள் சுலபமாக ஏறலாம். வெள்ளைக்காரர் இதை விளக்கினார். அண்ணாச்சி இந்தியில் இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது. கடைசியில் வெள்ளைக்காரரே சிரித்துவிட்டு அவர் விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தார்.

"ஏறுதவனுக்காக வண்டி குனியுது தம்பி. இத ஒரு நாளாவது ரோட்டுல ஓட்டிப் பாத்துரணும்" என்று அன்று சாப்பாட்டின்போது சொன்னார். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

கை காட்டினால் நிற்கும்

பேட்டியில் நீங்கள் இன்னொன்றும் சொல்கிறீர்கள். நீங்கள் வருமுன் அங்கே பஸ் சர்வீஸ் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று.

இருந்தது. நாங்கள் ஓட்டினோம்.

அதற்கும் முன்னால்தான் ஒன்றும் இல்லை. பிக்கப் வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். காசு இருந்தால் ஷேர் டாக்ஸி. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். அப்புறம் பலதியா பழைய பஸ்கள் சிலதை வாங்கி ஓடவிட்டது. ஏசி ஒழுகும். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தவன் தலை நனைந்துதான் இறங்குவான். டிக்கெட்டும் டிரைவர்தான் கிழித்துக் கொடுக்க வேண்டும். முன் சீட்டுகள் பெண்களுக்கு. ஒரு பெண்கூட இல்லாவிட்டாலும் அதில் எவனும் உட்கார மாட்டான், நின்றுகொண்டே வருவான்.

அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு. நம் ஊர் டிரைவர் எவனும் முதல் வாரம் கியர் போட இடது கையை வீசிக் கதவில் அடித்துக்கொள்வான். புதிதாக வந்தவன் யார் என்று கை வீக்கத்தைப் பார்த்தே சொல்லலாம்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கை காட்டினால் நிற்கணும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஊரிலிருந்து கொண்டுபோனது. அந்த வெயிலில் அது இன்னும் கெட்டிப்பட்டது. ரோட்டோரம் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நின்றால் பஸ் ஸ்டாப் கம்பம் இருக்கிறதா என்று எவனும் பார்க்க மாட்டான்.

அண்ணாச்சி இதில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டி. அதற்குக் காரணம் உண்டு. அன்று நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

தண்ணீர் வந்த விதம்

எனக்கு அன்று லீவு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புஜைராவில் ஒரு சிநேகிதனைப் பார்க்க அண்ணாச்சி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மலைக்கு நடுவே ரோடு. இரண்டு பக்கமும் ஒரு புல் முளைக்காத பாறை. எங்கள் தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தது. ரொம்பத் தூரத்தில் மட்டும் ஒரு கறுப்பு.

ஒரு திருப்பத்தில் ஒரு கிழட்டு அரபி நின்று கையை நீட்டினார். அண்ணாச்சி நிறுத்தினார். கிழவர் ஏறவில்லை. முன்னால் கையைக் காட்டி அரபியில் என்னவோ சொன்னார். எனக்குப் புரிந்தது 'மாஃபி', அதாவது இல்லை, என்பது மட்டும்தான். போகாதே என்கிறார். முன்னால் ரோடு பள்ளமாக இறங்கி ஒரு காட்டாற்றுத் தடத்தைக் கடக்கும். வாதி என்பார்கள். வருஷம் முழுக்கக் காய்ந்த கூழாங்கல்தான் கிடக்கும்.

பின்னால் இருந்தவர்கள் யல்லா, யல்லா, வண்டியை எடு என்று சத்தம் போட்டார்கள். மழையே இல்லையே என்றார்கள். அண்ணாச்சி என்ஜினை அணைத்தார்.

முதலில் ஒரு உறுமல். லாரி வரிசையாக வருகிறது என்று நினைத்தேன். அப்புறம் அது வந்தது. பழுப்பு நிறத்தில், சுவர்போல, நுனியில் முள்மரங்களை வேரோடு தூக்கிக்கொண்டு. பாறைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் காலடியில் தெரிந்தது. நாங்கள் தாண்டியிருக்க வேண்டிய ரோடு கண்ணெதிரே காணாமல் போனது.

எல்லாரும் இறங்கி நின்று பார்த்தோம். பட்டாணி ஒருவர் கை ஏந்தித் தொழுதார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடவுள் தண்ணீர் வைக்க மறந்துபோன இடம் என்று அந்த மலையை நினைத்திருந்தேன். அவர் மறக்கவில்லை, மொத்தமாக வைத்திருந்தார்.

அந்தக் கிழவரின் கையை மதிக்காமல் போயிருந்தால் இந்தத் தொடரை எழுத நான் இல்லை.

கைமாறிய பிறகு

நியாயமாகவும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொண்டுவந்ததில் வியக்க வேண்டியது நிறைய இருந்தது.

ஊர் முழுக்கக் கம்பம் நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்தது. அந்த நேரத்துக்கு பஸ் வந்தும் நின்றது. முதல் நாள் நடந்ததை மறக்க முடியாது. வழக்கம்போல ஜனங்கள் எதிர் டீக்கடையில் டம்ளரோடு நின்றார்கள். டிரைவர் கூப்பிடுவான், ஆள் நிறைந்தால் போவோம் என்று. மணி ஆனது. கதவு சாத்தியது. காலி பஸ் கிளம்பிப் போய்விட்டது. டீக்கடையில் நின்றவர்கள் ஆளில்லாத அந்த பஸ்ஸைத் தேர் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும், இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று மலையாளத்தில் கேட்டார்.

வரதராஜன் சார், அந்த நேரக்கணக்கு உங்கள் வேலை. அதற்கு ஒரு கும்பிடு. உங்களிடம் நான் கேட்க வந்தது வேறு.

கம்பெனி பழைய டிரைவர்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் என்றுதான் முதலில் யார்டில் நின்று சொன்னீர்கள். பிறகு சோதனை ஓட்டம் வைத்து, தேறியவர்களை மட்டும் எடுப்போம் என்றீர்கள். தேறாதவனுக்கு விசா கேன்சல். அந்தக் காலத்தில் கேன்சல் ஆனால் உடனே வேறு கம்பெனிக்கு வரவும் முடியாது, தடை போட்டுவிடுவார்கள். அண்ணாச்சியின் மகள் அப்போது நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மலை ஏறிய பஸ்

சோதனை ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அன்று ரோடு காலியாக இருக்கும். புது பஸ்ஸில் டிரைவர்கள் சிலரை ஏற்றி, புஜைரா வரை மாற்றி மாற்றி ஓட்டச் சொன்னார்கள். முன்னால் வெள்ளைக்காரர். அவர் பக்கத்தில் நீங்கள். உங்களுக்குப் பின் சீட்டில் நான். என் முறை முடிந்திருந்தது.

மலை தொடங்கும் இடத்தில் அண்ணாச்சி உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் ஷூவை மாட்டினார்.

நான் வாழ்க்கையில் எத்தனையோ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று அவர் ஓட்டினதுபோல எவனும் ஓட்டி நான் பார்த்ததில்லை. அவ்வளவு நீள வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்புவது தெரியவே இல்லை. மலைதான் நகர்ந்து வழிவிடுவதுபோல இருந்தது. வெள்ளைக்காரர் தன் தண்ணீர் பாட்டிலை மூடாமல் முன்னால் வைத்திருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பாதி மலையில் கல் உடைக்கும் கிரஷர் ஒன்று உண்டு. அதற்குப் போகும் மண்பாதை ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு கூட்டம் நின்றது. தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. கண் மட்டும்தான் கறுப்பு. வாரச் சந்தைக்குப் புஜைரா போகிறவர்கள். பலதியா பஸ் எப்போதும் அங்கே நிற்கும். கம்பெனிக் கம்பம் அங்கே இல்லை.

அவர்கள் கையை நீட்டினார்கள்.

பஸ் வேகம் குறைந்தது. நீங்கள் முன்னால் சாய்ந்து, "சுடலை, இங்க ஸ்டாப் இல்லையே. ஏன் ஸ்லோ பண்றீங்க?" என்றீர்கள்.

"கை காட்டுதாங்க சார்."

"காட்டட்டுங்க. இது டெஸ்ட் ரன்."

"வெயிலுக்கும் அது தெரியணும்லா சார்."

பஸ் நின்றது. கதவு திறந்தது. அவர் பட்டனை அமுக்கினார். புஸ் என்ற சத்தத்தோடு அந்தப் புது பஸ் அந்தத் தூசி மனுஷர்கள் முன்னால் தாழ்ந்தது.

அவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ராமநாதபுரத்துப் பையனாக இருக்கும், ஒருவன் எட்டிப் பார்த்து, "அண்ணே, வண்டி பஞ்சராப் போச்சா?" என்றான்.

"பஞ்சர் இல்லைடே. ஒனக்காவத்தான் குனியுது. ஏறு."

அவன் கீழே பார்த்தான். மேலே பார்த்தான். அப்புறம் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினான். அவனைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். வங்காளி, பட்டாணி, தெலுங்கன் எல்லாரும். அந்தக் கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு வரிசையாக நின்று, படியில் கால் வைத்தார்கள். ஏறியவர்களில் ஒருவரும் உட்காரவில்லை. நீல வெல்வெட் சீட் தூசியாகிவிடும் என்று கம்பியைக்கூடத் தொடாமல் ஒருவரையொருவர் ஒட்டி நின்றார்கள்.

அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நீங்க உக்காந்தாத்தான் வண்டி நகரும்" என்றார். அதையே இந்தியிலும் சொன்னார்.

துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். பஸ் எழுந்தது.

என் கை தானாகக் குவிந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. எவ்வளவோ பணம் கொட்டி, எங்கேயோ ஒரு நாட்டில் எவனோ யோசித்துச் செய்த வண்டி, கடைசியில் கல் உடைக்கிறவனுக்கு முன்னால் மண்டி போட்டது. அதைச் செய்த விரல் வள்ளியூர்க்காரன் விரல்.

புஜைராவில் கிரஷர் ஆட்கள் இறங்கியதும் வெள்ளைக்காரர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்றைக்கு ஓட்டியவர்களில் நீதான் ஒன்றாம் நம்பர் என்றார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் நின்று கர்சீப்பால் சீட்டைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

கேண்டீனில் சொன்னது

சில நாள் கழித்துக் கேண்டீனில் தேறியவர்களின் பெயரை நீங்கள் வாசித்தீர்கள். என் பெயர் இருந்தது. பஸ்ஸைக் கண்டு ஓடியவன் தேறிவிட்டேன். அண்ணாச்சி பெயர் இல்லை.

நான் எழுந்து கேட்டேன். எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். நீங்கள் சொன்ன பதில் இது:

"அவர் டிரைவிங்ல குறை சொல்லல. பிரமாதம். ஆனா கை காட்டுற எடத்துல எல்லாம் நின்னா அது பஸ் இல்லப்பா, ஷேர் ஆட்டோ. இவரை வெச்சுக்கிட்டு டைம்டேபிள் ஓட்ட முடியாது."

ஒரு அதிகாரியின் கட்சி அது. தப்பு என்று நினைக்கிறேன், ஆனாலும் அது ஒரு கட்சி. அதில் பயம் என்ற சொல் எங்கே இருக்கிறது? பேய் எங்கே இருக்கிறது? கேள்வி கேட்டதற்கு என்னைப் பல வாரம் பஸ் கழுவப் போட்டீர்கள். போகட்டும், அந்த வெயிலில் அது நல்ல வேலைதான்.

அண்ணாச்சி அழவில்லை. சண்டை போடவும் இல்லை. ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "அந்த வண்டிய மலை ஏத்தி எறக்கிட்டம்லா. எவன் வந்து அத அழிச்சிர முடியும்?" என்றார்.

அழிக்க ஆள் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊருக்கு வந்து மணல் லாரி ஓட்டினார். மகள் படித்து முடித்து இன்று பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தக் கம்பெனி குத்தகை முடிந்து போனது. இன்னொரு கம்பெனி வந்தது, பஸ் நிறம் மாறியது, நீங்களும் சென்னைக்கு வந்துவிட்டீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாச்சி போன பிறகும் கிரஷர் ஆட்கள் அதே இடத்தில் நின்று கை காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு டிரைவரும் டிப்போவில் வந்து சொன்னோம். கடைசியில் அங்கே ஒரு கம்பம் நட்டார்கள். மச்சினன் சொல்கிறான், இன்றும் நிற்கிறதாம். உங்கள் பேட்டியில் அதையும் படித்தேன். மலைப்பாதையில் கல் உடைக்கும் தொழிலாளிகளுக்காக நிறுத்தம் கொண்டுவந்ததுதான் உங்களுக்கு மனநிறைவு தந்த வேலையாம்.

அந்த இடத்தில் நிறுத்தியதற்காக ஒருவர் வேலையைப் பறித்தீர்கள். பிறகு அந்த இடத்தையே உங்கள் பெருமையில் சேர்த்துக்கொண்டீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கோமாளி ஆக்கியதுதான் பொறுக்கவில்லை.

நான் அண்ணாச்சிக்கு நேற்று போன் போட்டேன். விடும் தம்பி, பெரிய மனுஷன் ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டார் என்றார். பின்னால் வேன் ஹாரன் கேட்டது. லீவில் எதற்கு வேன் என்று கேட்டேன். எவனுக்குக் கொடுத்தாலும் சுத்தமாகக் கொடுக்கணும் என்று கழுவிக்கொண்டிருக்கிறாராம்.

வரதராஜன் சார், அந்த பஸ்ஸில் நீங்கள் இருந்தீர்கள். கூட இருந்த வெள்ளைக்காரர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. கிரஷர் ஆட்களை எங்கே தேடுவேன்? என் வார்த்தையைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கூட்டாளி வார்த்தை என்பார்கள். உங்கள் வார்த்தையைத்தான் கேட்பார்கள்.

அதனால் கேட்கிறேன். அன்று மலையில் சுடலைமுத்து பயந்தாரா, இல்லையா? நன்றாக ஓட்டினாரா, இல்லையா? அவரை வேலையிலிருந்து அனுப்பியது யார்? போன் வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். பேட்டி வந்த இதே பத்திரிகையில், அதே அளவு எழுத்தில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எழுதுங்கள்.